ஒரே வளையத்தில் இரண்டு சாவி

டீசல் போட்டுவிட்டு சின்ன மருமகன் சாவியைத் திருப்பினான். லாரி கிளம்பவில்லை. மீட்டர் பலகையில் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிந்தது. பின்னால் எண்பது தட்டுகளில் நேற்றுப் பொரித்த கோழிக்குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. வண்டி ஓடினால்தான் அவற்றுக்குக் காற்று. வெயிலில் நின்றால் கூண்டோடு போய்விடும்.

“ஆரம்பிச்சுட்டான்யா,” என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரிய மருமகன். “நகரு அப்படி. உன் கை பட்டா ஓடுற வண்டியும் படுத்துக்கும்.”

மூன்று மாதமாக இதே கூத்துதான். சின்னவன் திருப்பினால் பாதி நாள் கிளம்பாது. பெரியவன் திருப்பினால் முதல் தடவையே உறுமும். எங்கேயோ ரகசிய ஸ்விட்ச் வைத்திருக்கிறான் என்று சின்னவனுக்கு வயிறு எரிந்தது. பெரியவனோ, வண்டி எடுக்கத் தெரியாதவனுக்கு லாரியில் எதற்குப் பங்கு என்று மாமியார் காதில் தினமும் ஓதிக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் பாதி நம்பிவிட்டாள். மீதியையும் நம்பிவிட்டால் சின்னவன் கதை கந்தல். இந்த லாரியை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

ஆனால் இன்றைக்குப் பெரியவன் திருப்பியும் அதே சிவப்பு விளக்குதான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. நாலு முறை திருப்பிவிட்டு, “என்னடா பண்ணி வெச்சே?” என்று சகலையின் சட்டையைப் பிடித்தான். பங்க் ஆட்கள் பிரித்துவிட்டு, லாரியை எதிர்ப்பக்கம் இருந்த வயரிங் கடைக்குத் தள்ளிக் கொடுத்தார்கள்.

கடைக்காரியை எல்லோரும் வயரிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் பேட்டரியைப் பார்த்தாள், ஃப்யூஸைப் பார்த்தாள், சாவித் துளையைச் சுற்றியிருந்த சென்சாரைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். விளக்கு சிமிட்டியது. அலமாரியிலிருந்து வேறொரு சென்சாரை எடுத்து மாட்டினாள். அப்போதும் சிமிட்டியது.

“சென்சார் மேல தப்பு இல்ல. அது எதையோ பார்த்துக் குழம்புது,” என்றாள். “எப்போலேருந்து இப்படி?”

“ரொம்ப நாளா,” என்றான் பெரியவன்.

“இப்பத்தான்,” என்றான் சின்னவன்.

“நல்லா இருக்கு. ரெண்டு பேரும் ஒரே வண்டியிலதானே வந்தீங்க?”

 சேர்ந்து வரும் கதையைச் சொன்னால் குடும்பத்து மானம் போகும். மாமனார் சாகும்போது லாரியை இரண்டு மகள்களுக்கும் பொதுவில் விட்டுப் போனார். மருமகன்கள் ஆளுக்கொரு சாவி வைத்துக்கொண்டார்கள்; பெரியவனுடையதில் மஞ்சள் டேப், சின்னவனுடையதில் நீல டேப். ஒரு வாரம் பெரியவன் சொல்லாமல் தனியாக லோடு அடித்தான். மறுவாரம் சின்னவன் அடித்தான். அப்புறம் நடந்த அடிதடியில் தெருவே வேடிக்கை பார்த்தது. மாமியார் இரண்டு சாவியையும் பிடுங்கி ஒரே இரும்பு வளையத்தில் கோத்து, வளையத்தை வெல்டிங் வைத்து மூடிவிட்டாள். கொத்து அவள் வீட்டு ஆணியில் தொங்கும். இரண்டு பேரும் சேர்ந்து வந்து நின்றால்தான் எடுத்துக் கொடுப்பாள். மூன்று மாதமாக ஒரு நாள் ஒருவன் ஓட்ட, மற்றவன் பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்து வருவான். இப்படி ஒரு காவலை எந்தச் சிறையிலும் பார்க்க முடியாது.

வயரிங் அக்காவின் கண் பெரியவனின் வலது கைக்குப் போனது. “கையில என்ன கட்டு?”

“நேத்து ஜாக்கியில விரல் நசுங்குச்சு. அதுக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம்?”

“கட்டு இல்லாத நாள்ல சாவியை எப்படித் திருப்புவீங்க? இடது கையால காட்டுங்க.”

முனகிக்கொண்டே காட்டினான். தன் மஞ்சள் டேப் சாவியைத் துளையில் விட்டு, சகலையின் நீலச் சாவியை உள்ளங்கையில் பின்னால் மடக்கிப் பிடித்தான். தொங்க விட்டால் அது விரல் முட்டியில் குத்துமாம். திருப்பினான். லாரி உறுமியது.

“இப்போ மடக்காமத் திருப்புங்க.”

விளக்கு சிமிட்டியது.

“அவ்வளவுதான். இன்னைக்கு விரல் கட்டால மடக்க முடியல. ஒவ்வொரு சாவித் தலையிலயும் ஒரு சில்லு, அதான் சிப், இருக்கு. சென்சார் அதைப் படிச்சாத்தான் இன்ஜினை விடும். இங்க ரெண்டும் பக்கத்துல பக்கத்துல தொங்குது. ரெண்டு பேர் ஒரே நேரத்துல கத்தினா யாருக்கு என்ன புரியும்?”

சின்னவனுக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. ரகசிய ஸ்விட்சும் இல்லை, அவன் கையில் கோளாறும் இல்லை. ஒல்லி விரல்காரன் என்பதால் இன்னொரு சாவியை ஆட விட்டிருக்கிறான், அவ்வளவுதான் குற்றம்.

“வளையத்தை அறுத்துடலாமா?” என்றாள் அக்கா.

“கூடாது!” இதில் மட்டும் இருவருக்கும் ஒரே குரல்.

“அப்போ ஏதாவது ஒரு சாவியோட சில்லை எடுத்துடறேன். யாருது?”

“அவனோடது,” என்றான் பெரியவன். “அவனுக்குத்தான் ஓட்டத் தெரியாதே.”

“எதுக்கு என்னோடது? உன்னோடதை எடுக்கச் சொல்லு.”

“என்னடா, நீ, வா, போன்னு பேசறே? நான் மூத்த மருமகன்டா.”

“மூத்த மருமகன் மாதிரி என்னைக்கு நடந்துக்கிட்டே?”

வளையம் அப்படியேதான் இருக்கப் போகிறது. எந்தச் சாவியில் சில்லு இருந்தால் என்ன, யாரும் தனியாக எடுத்துப் போக முடியாது. இருந்தும் கால் மணி நேரம் கத்தினார்கள். தலைமுறைப் பகையெல்லாம் வெளியே வந்தது. பெரியவன் அவன் அப்பாவைத் திட்ட, சின்னவன் இவன் அண்ணனைத் திட்டினான். நடுவில் சின்னவன் சட்டென்று நிறுத்திவிட்டான். பின்னாலிருந்து கீச்சுச் சத்தம் குறைந்திருந்தது. ஏறிப் பார்த்தான். மேல் தட்டுக் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு ஒன்றின் மேல் ஒன்று சரிந்து கிடந்தன.

“என்னோடதை எடுங்கக்கா,” என்றான் இறங்கி வந்து. சொல்லும்போது அழுகை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

அக்கா நீலச் சாவியின் தலையைப் பிளந்து, அரிசி மணி அளவில் எதையோ நெம்பி எடுத்து அவன் கையில் வைத்தாள். “பத்திரமா வெச்சுக்க தம்பி. இது சாகல. சென்சார் பக்கம் மட்டும் கொண்டு போகாதே.” மஞ்சள் சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்தது.

பெரியவன் எட்டி இன்ஜினை அணைத்தான். சாவிக்கொத்தை உருவிக்கொண்டு நேராகக் கடைக்குள் போய், வளையத்தைப் பட்டறை இடுக்கியில் மாட்டி ரம்பத்தை எடுத்தான்.

“என்ன பண்றே?”

“உன் சாவி செத்துப் போச்சு. செத்த சாவிக்கு என் சாவியோட என்ன பேச்சு?” கட்டுப் போட்ட கையால் பரபரவென்று அறுத்தான். “அத்தைகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ பஸ் பிடிச்சு வீடு போய்ச் சேர்.”

குஞ்சுகளுக்காக விட்டுக்கொடுத்ததற்கு இதுதான் பரிசு. கொன்று போடலாம் போல் சின்னவனுக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அவன் கடைக்குள் போகவில்லை. கடை வாசலில் கிடந்த அக்காவின் மேஜையிலிருந்து ஒரு விரல் நீளம் டேப்பைக் கிழித்தான். லாரியில் ஏறி, ஸ்டீயரிங்கின் கீழ் மூடிக்கு அடியில், சென்சாரை ஒட்டினாற்போல் அந்தச் சில்லை வைத்து ஒட்டினான். இறங்கிக் கைகட்டி நின்றான்.

பெரியவன் வந்தான். நீலச் சாவியை அவன் காலடியில் விட்டெறிந்தான். ஏறி உட்கார்ந்து மஞ்சள் சாவியைத் திருப்பினான்.

சிவப்பு விளக்கு சிமிட்டியது.

மறுபடி திருப்பினான். உருவி ஊதிவிட்டுத் திருப்பினான். “ஏம்மா, என்ன எழவைச் சரி பண்ணே?” என்று கடையைப் பார்த்துக் கத்தினான்.

வயரிங் அக்கா தன் டேப் சுருளைப் பார்த்தாள், சின்னவனைப் பார்த்தாள். “நான் கொடுக்கும்போது ஓடிச்சே. வளையத்தை நீங்கதானே அறுத்தீங்க. என்னைக் கேட்டா?” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

“அண்ணே, நகருங்க அப்படி,” என்றான் சின்னவன். “உங்க கை பட்டா ஓடுற வண்டியும் படுத்துக்குது.”

குஞ்சுகள் ஈனமாகக் கத்தின. பெரியவனுக்கு வேறு வழியில்லை. பல்லை நறநறத்துக்கொண்டு பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தான். சின்னவன் ஏறினான். இருக்கையைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து, மூடிக்கு அடியிலிருந்து டேப்போடு சில்லை உரித்துச் சட்டைப் பைக்குள் போட்டான். திருப்பினான். லாரி உறுமியது.

பெரியவன் சாவியைப் பார்த்தான், சகலையைப் பார்த்தான், விளக்கு அணைந்திருந்த பலகையைப் பார்த்தான். மூன்று மாதம் சின்னவன் முழித்த முழியை இப்போது அவன் முழித்தான்.

“என்னடா பண்ணே?”

“ஒண்ணும் பண்ணலையே. திருப்பினேன்.” சட்டைப் பையை ஒருமுறை தட்டிவிட்டுக் கியரைப் போட்டான். “பண்ணை வந்ததும் சாவியை நீங்களே எடுத்து வெச்சுக்குங்கண்ணே. உங்களோடதுதானே.”