பக்கம் புரட்டுகிற கை

ஒத்திகையின் நடுவில், வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வாத்தியமான வயோலாவின் சத்தம் திடீரென்று நின்றுபோனது. அதை வாசித்துக்கொண்டிருந்தவளின் கை வழக்கம்போல இசைத்தாளைப் புரட்டப் போயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரின் கையும் அதே தாளில்தான் இருந்தது.

"வயோலா எங்கே போச்சு?" என்றார் இசை நடத்துநர். செல்லோக்காரர் வாய்க்குள்ளேயே சிரித்தார்.

அந்தச் சின்ன ஆர்க்கெஸ்ட்ராவில் வயோலா வாசிக்கிறவர்கள் இவர்கள் இரண்டே பேர். ஒரே ஸ்டாண்ட், ஒரே தாள். வெளிப்பக்க நாற்காலிக்காரர் தடங்கலில்லாமல் வாசிக்க வேண்டும். உட்பக்கத்தில் இருப்பவர் வாசிப்பை விட்டுவிட்டுத் தாளைப் புரட்ட வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து உட்பக்கம் அவளுக்குத்தான். வயலின்கள் கொடிகட்டிப் பறக்கும், செல்லோ அடிவயிற்றிலிருந்து பேசும், நடுவில் கிடக்கிற வயோலாவை ஒருவரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அதிலும் அவள் புரட்டுகிறவள். இப்போது கணவருக்கு இடதுகை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்திருந்தன. அவரே நடத்துநரிடம் சொல்லி நாற்காலியை மாற்றிக்கொண்டார். கச்சேரியிலும் இப்படி ஆனால் வெளிப்பக்கத்துக்கு வேறு ஆளைக் கூட்டிவருவேன் என்று நடத்துநர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"அந்த இடத்துல நான் ஒரு நாளாவது வாசிச்சிருந்தாத்தானே?" வீட்டுக்கு வந்ததும் பொருமினாள். "தாள் திரும்புற இடமெல்லாம் நீங்க வாசிச்சுக் கேட்டதோட சரி."

"அப்ப கேட்டதை வாசி."

"நீங்க புரட்டுவீங்களாக்கும்! சாப்பிட்ட தட்டை நகர்த்தாத மனுஷன்."

"புரட்டுறேன்மா."

அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. அதுதான் அவளுக்கு என்னவோபோல் இருந்தது.

கச்சேரி அன்று அந்த இடம் வந்தது. வயலின்கள் ஓய்ந்து, வயோலா மட்டும் தனியாகக் கடக்க வேண்டிய வரி. தாளைப் புரட்ட அவள் கை துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வில்லை இழுத்தாள். அதற்குள் படபடவென்று சத்தம். வரி முடியுமுன்பே அவர் தாளைப் புரட்டிவிட்டிருந்தார், கத்துக்குட்டி! எதிரே அடுத்த பக்கம். வாசிக்க வேண்டிய சுரங்கள் கண்ணில் இல்லை. ஆனால் வில் நிற்கவில்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது கைக்கு வந்துகொண்டே இருந்தது. அவர் அழுத்தி வாசிக்கிற இடத்தில் மட்டும் அவள் தணிந்து போனாள். அவளுக்கு அது அப்படித்தான் வந்தது.

வயலின்கள் மறுபடி வந்து சேர்ந்துகொண்டன. இனி அவரும் வாசிக்க வேண்டும். அவருடைய வயோலா மடியிலேயே கிடந்தது. தாளின் ஓரத்தை விரல் இன்னும் விடவில்லை. தலை மட்டும் அவள் பக்கமாகச் சாய்ந்திருந்தது.