ஞாயிற்றுக்கிழமையில் எடுத்த ஏரி

இதில் ஒரு சொல் பொய்யானாலும் சொல்பவன் நாக்கு அழுகட்டும். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் போர்ட் எல்வன் என்ற மீனவ ஊர் இருக்கிறது. அந்த ஊரின் ஏரி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் டோர்க்வில் மக்காஸ்கிலின் கேமராவுக்குள் போய்விட்டது. கடல் ஒரு கையை நீட்டி மலைகளுக்கு நடுவே வைத்திருப்பதைத்தான் அங்கே ஏரி என்பார்கள். படகுகள் எல்லாம் அதில்தான் நின்றன. டோர்க்வில் வாரநாள்களில் வெளியூர்க்காரர்களை வேனில் ஏற்றி, கரையோர ஊர்கள், இடிந்த கோட்டை, ஏரி என்று சுற்றிக் காட்டுவான். தான் எடுத்த படங்களைத் தபால் அட்டையாக விற்பான். ஊர் படத்தில் நன்றாக விழுந்தது, கோட்டை நன்றாக விழுந்தது. ஏரி மட்டும் கோடை முழுக்கக் காற்றிலும் தூறலிலும் முகம் காட்டவில்லை. அந்த ஞாயிறு, காலை ஆராதனைக்கும் மாலை ஆராதனைக்கும் நடுவில், ஊரே முந்தின நாள் சமைத்த ஆட்டிறைச்சியை ஆறிப்போனபடியே தின்றுகொண்டிருந்த வேளையில், ஏரி அசையாமல் கிடந்தது. ஓய்வுநாளில் வேலை செய்வது பாவம் என்று ஞாயிறன்று அங்கே அடுப்பில் புதிதாக எதுவும் ஏறாது, கொடியில் துணி ஏறாது. டோர்க்விலோ சபையில் வேதாகமத்தின் சங்கீதங்களை எடுத்துக்கொடுப்பவன். அவன் ஒரு வரி பாடினால்தான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். தொண்டை கட்டியிருக்கிறது, நடந்துவிட்டு வருகிறேன் என்று மனைவி மொராகிடம் சொல்லி, கோட்டுக்குள் கேமராவை மறைத்துக்கொண்டு போனான். ஒரே ஒரு தடவை அமுக்கினான். நிமிர்ந்தபோது ஏரி இருந்த இடத்தில் சேறும் நண்டுகளும் இருந்தன.

அந்த ஊர்க்காரர்கள் யாரையும் முகத்துக்கு நேரே குற்றம் சொல்லமாட்டார்கள். மரியாதை என்று அவர்கள் சொல்லிக்கொள்வது அதைத்தான். திங்களன்று கடையில் ஒருவர், "கால் நனையாம அக்கரைக்குப் போயிட்டு வந்தேன், டோர்க்வில். அதுவும் ஒரு வசதிதான்" என்றார். மொராகின் தம்பி இவாண்டர், "மச்சான், என் படகு ஒருக்களிச்சுப் படுத்துத் தூங்குது. உங்க வேனுக்குத் தண்ணி வேண்டாம். கொடுத்து வச்சவரு நீங்க" என்றான். டோர்க்வில் பூட்ஸைப் பார்த்தபடியே வீட்டுக்கு வந்தான்.

கழுவியெடுத்த படம் காயவில்லை. உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. குளியல் தொட்டியில் போட்டு வைத்தான். தொட்டியில் ஹெர்ரிங் மீன்கள் திரிந்தன. மொராக் அவற்றை ஓட்ஸ் மாவில் புரட்டிப் பொரித்தாள், எங்கிருந்து வந்தன என்று கேட்கவில்லை. சாப்பாட்டு ஜெபத்தின்போது குளியலறையில் ஏதோ குரைத்தது, அதற்கும் கேட்கவில்லை. கடைசியில் ஒருநாள் துண்டும் கையுமாக வந்து நின்றாள்.

"ஏங்க, தொட்டியில கடல்நாய் படுத்திருக்கு. நான் குளிக்கணும்."

அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். படத்தைச் சேற்றில் வைத்துப் பார்த்ததையும் சொன்னான். வாசலைத் தாண்டினால் அது அப்பளம் மாதிரி உலர்ந்துவிடும், ஒரு சொட்டு விடாது. வீட்டுக்குள் வந்ததும் மறுபடி ஒழுகும்.

"ஞாயித்துக்கிழமை எடுத்தது ஞாயித்துக்கிழமைதான் திரும்பிப் போகும்" என்றாள் மொராக். "கொடியில போடுங்க."

"ஊர் பாக்குமே."

"பாக்கட்டும்."

ஆனால் ஞாயிறு தவறாமல் வந்தது, அவனும் தவறாமல் சபைக்குப் போய்ப் பாடினான், படத்தைக் கொடியில் போடவில்லை. தண்ணீர் வராத சங்கீதமாகப் பாதிரியார் எடுக்கமாட்டாரா என்று ஏங்கினான். தாவீது ராஜா தண்ணீரை எங்கெல்லாம் கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. தண்ணீர் வரும் வரியைப் பாடும்போது பின்னால் இருமல் கேட்கும். இரண்டு வருடம் போயிற்று. வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. ஒரு சனிக்கிழமை மாலை இவாண்டர் வாசலில் நின்றான், உள்ளே வரவில்லை.

"திங்கக்கிழமை கிளாஸ்கோ போறேன் மச்சான். கப்பல் கட்டுற எடத்துல ஆள் எடுக்கறாங்களாம். படகை விறகுக்கு வெட்டிக்கோங்க."

"இவாண்டர்..."

"நீங்க நல்லாப் பாடுறீங்க. ஊருக்கு அது போதும்."

மறுநாள் காலை ஆராதனை முடிந்து சபை முழுக்கக் கறுப்பு உடையில் சரிவில் இறங்கி வந்தது. டோர்க்வில் முன்னால் ஓடிப்போய், கோட்டுகூடக் கழற்றாமல், தெருவைப் பார்த்த கொடியில் இரண்டு கிளிப் மாட்டிப் படத்தைத் தொங்கவிட்டான். தொங்கவிட்டவன் பக்கத்திலேயே நின்றான், உள்ளே ஓடவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. படத்திலிருந்து ஏரி இறங்கியது. சுவரேறி, சந்தில் ஓடி, தெருவைக் கடந்து சேற்றுக்குப் போயிற்று. பெண்கள் பாவாடையை ஒரு விரற்கடை தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள், ஆண்கள் வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் உயர்த்திக்கொண்டார்கள், யாரும் நிற்கவில்லை, யாரும் திரும்பவில்லை. பாதிரியார் மட்டும், "ஈரப்பதமா இருக்கு இன்னிக்கு" என்றார். கடைசியாகக் கடல்நாய் போயிற்று.

அன்று மாலை டோர்க்வில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தான். உட்காரச் சொன்னவர் இல்லை, எழுந்து வரச் சொன்னவரும் இல்லை. பாட ஆள் இல்லாமல் சபை வெகுநேரம் காத்திருந்தது. பிறகு இவாண்டர் எழுந்து சங்கீதம் எடுத்துக்கொடுத்தான், சுதி சேராமல். அவன் கிளாஸ்கோ போகவில்லை, படகு நிமிர்ந்துவிட்டது. டோர்க்வில் சாகும்வரை அந்தப் பெஞ்சிலேயே இருந்தான், மச்சினன் சுதி பிசகிய ஒவ்வொரு வரிக்கும் மற்றவர்களோடு சேர்ந்து பதில் பாடினான்.

அச்சுப்போடும்போது ஃபிலிமைத் திருப்பி வைத்துவிட்டான் போலிருக்கிறது, ஏரி இடவலம் மாறித்தான் திரும்பிவந்தது. வடகரையில் இருந்த கோட்டை இப்போது தென்கரையில் நிற்கிறது. வயதானவர்கள் ஒரு வாரம் முணுமுணுத்தார்கள். பிறகு தபால்காரர் தன் வழியை மாற்றிக்கொண்டார், விஷயம் அதோடு முடிந்தது.

டோர்க்வில் போன பிறகு மொராக் அலமாரியைத் துடைத்தாள். ஏரியை எடுக்கும்போது கேமராவில் போடவென்று அவன் வாங்கி வைத்திருந்த ஒரே ஃபிலிம் சுருள் அங்கே உறை பிரிக்காமல் இருந்தது.