ஐம்பத்தொரு வயதுக்கு ஒரே வேலை

திரையில் ஒரே ஒரு வரிதான் வந்தது. தொழில் வழிகாட்டி அலுவலகத்தின் ஆலோசகர் அதைக் கட்டிங் மாஸ்டர் பக்கம் திருப்பிக் காட்டினாள். வயது ஐம்பத்தொன்று. பரிந்துரைக்கப்படும் வேலை: காவலாளி.

மாஸ்டருக்குச் சிரிப்புதான் வந்தது. இதைச் சொல்லவா இவ்வளவு பெரிய பெட்டி? அவர் வேலை பார்த்த செருப்புத் தொழிற்சாலையை இழுத்து மூடிய இந்த மூன்று மாதத்தில் மைத்துனர், பக்கத்து வீட்டுக்காரர், முடி வெட்டுகிறவர் என்று ஆளாளுக்கு இதையே சொல்லியாகிவிட்டது. இதற்கு டோக்கன் வாங்கிக்கொண்டு காலையிலிருந்து தவம் கிடந்திருக்க வேண்டாம். இருபத்தாறு வருடம் தோல் வெட்டிய கை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற போகிற வண்டிக்கெல்லாம் சலாம் வைப்பதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவரை இன்னும் வாட்டியது.

"வேற ஒண்ணுமே இல்லீங்களா மேடம்?"

ஆலோசகருக்கு மாஸ்டரின் மகள் வயதுதான் இருக்கும். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, வயதை அழித்து இருபத்தொன்று என்று அடித்தாள். திரை மளமளவென்று நிரம்பியது. பத்தொன்பது வேலைகள்.

"நாப்பத்தஞ்சு தாண்டிட்டா இது வாயத் தொறக்காது சார். நாங்க இப்படித்தான் தொறக்க வைப்போம். வெளிய சொல்லிடாதீங்க."

மாஸ்டர் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்து எட்டாவதில் நின்றார். செயற்கைக் கால் தயாரிப்பு, ஓராண்டுப் பயிற்சி. தோல் வேலை தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார். அப்படியேதான் இருந்தது.

"இது என்னால முடியும் மேடம்," என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

அவளுக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. பட்டென்று ஒரு பொத்தானை அழுத்திப் பரிந்துரைக் கடிதத்தை எடுத்து நீட்டினாள். மாஸ்டர் அதைப் பொறுமையாகப் படித்தார்.

"இருபத்தொரு வயசு இளைஞர்னு போட்டிருக்கு. என் மீசையப் பார்த்தா அவங்க நம்புவாங்களா?"

ஆலோசகர் தலையில் கை வைத்துக்கொண்டாள். வயதைத் திருத்தினால் பத்தொன்பதும் போய் மறுபடியும் காவலாளி வந்து நின்றது. கடிதமும் அதற்குத்தான் வரும். மாஸ்டர் தாளை மேசைமேல் வைத்தார். பொய் வயதோடு போய் நின்றால் வாசலிலேயே சிரிப்பார்கள். பேசாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

"செக்யூரிட்டிக்கே எழுதிக் குடுத்துடுங்க மேடம்."

அவளுக்குச் சுருக்கென்றது. "இருங்க சார்," என்று தன் கைபேசியை எடுத்துப் பயிற்சி நிலையத்தின் தலைமைப் பயிற்சியாளரை அழைத்தாள். "ஒருத்தர அனுப்பணும் சார். தோல் வெட்டுறவரு. இல்ல, அம்பத்தொண்ணு." அந்தப் பக்கம் நீளமாகப் பேசியது. அவள் முகம் வாடியது. "வயசு விதி எனக்கும் தெரியும் சார். அஞ்சு நிமிஷம் பேசிப் பாருங்க. அப்புறம் வேணாம்னு சொல்லுங்க."

கைபேசி மாஸ்டர் கைக்கு வந்தது.

"எடை தாங்குற பட்டைக்கு எந்தத் தோல் எடுப்பீங்க?" எரிச்சல் கலந்த ஆண்குரல்.

"முதுகுத் தோல்தான் சார். வயித்துப் பக்கம் எடுத்தா ரெண்டே மாசத்துல இழுத்துக்கிட்டுத் தொங்கிடும்."

குரலில் எரிச்சல் குறைந்தது. "சரி, பட்டை ஓரம் சதையில அறுக்காம இருக்கணுமே?"

"அதச் சொன்னாப் புரியாதுங்க..."

"சொல்லுங்க. கேக்குறேன்."

இந்த மூன்று மாதத்தில் எல்லோரும் அவருக்குச் சொல்லத்தான் சொன்னார்கள். கேட்கிறேன் என்று ஒருவரும் சொன்னதில்லை. மாஸ்டர் எழுந்து நின்றார்.

அடுத்த டோக்கன்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஆலோசகர் கையமர்த்தினாள். மாஸ்டருக்கு இரண்டு கையும் தேவைப்பட்டதால் கைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். வெறும் மேசைமேல் இடது உள்ளங்கையை அழுத்தி வைத்து, வலது கையைக் கத்தி பிடித்ததுபோல் சாய்த்து மெல்ல நகர்த்தினார்.

"இதோ, இப்படி," என்றார், எங்கோ இருக்கிற அந்த மனிதரிடம். "இப்படியே ஓரத்தச் சீவிக்கிட்டு வரணும்."