முதல் பின்தொடர்பவர்

பல் செட் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவளுக்கு அந்தச் சமூக வலைத்தளத்தில் சேர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பெயர் கேட்டது, பட்டறையில் எல்லோரும் கூப்பிடுகிறபடி ‘பல்காரி’ என்று போட்டாள். கைபேசி எண்ணைக் கேட்டது, கொடுத்தாள். ‘தெரிந்தவர்களைத் தேடட்டுமா?’ என்று ஒரு பெட்டி வந்தது. மேசையில் அச்சு இறுகிக்கொண்டிருந்த அவசரத்தில் ‘சரி’யை அழுத்திவிட்டாள்.

சேரச் சொன்னது அக்காதான். “இருநூறு எழுத்துக்கு மேல விடமாட்டான். உன்னை மாதிரி ஊமைக்கோட்டானுக்குத் தோதா இருக்கும்” என்றாள். அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி வந்து, அக்கா வீட்டில் ஒட்டிக்கொண்டு எட்டு மாதம். அவன் எண்ணைத் தடுத்து வைத்திருந்தாள். அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்பதே அவனுக்குத் தெரியாது.

முடித்த செட்டை ஜன்னலோரம் வைத்துப் படம் எடுத்தாள். ‘முழு செட்னா முப்பத்திரண்டு இல்ல, இருபத்தெட்டுதான். வாய்விட்டுச் சிரிச்சாலும் கழலாது’ என்று எழுதிப் போட்டாள்.

அடுத்த நிமிடமே ஒருவர் பின்தொடர்வதாக அறிவிப்பு வந்தது. முகப்படம் இல்லை, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தளம் தானாகப் போட்ட வெறும் எண்கள். கீழே ஒரு செய்தி: ‘நீதானே?’

புருஷன்தான் என்று அவளுக்குப் பட்டது. பல்காரி யாரென்று அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. கைபேசி எண்ணை வைத்துத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். வெளியே ஒரு பைக் நின்ற சத்தத்துக்கு மேசைக்குக் கீழே குனிந்துவிட்டாள். அங்கிருந்தே அக்காவை அழைத்தாள்.

“யாருன்னு கேளுடி.”

“கேட்டா நான்தான்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்க்கா.”

அதற்குள் அடுத்த செய்தி வந்தது. ‘படத்தைத் தூக்கு. ஜன்னல்ல எதிர்க்கடை போர்டு தெரியுது.’

அதன் பின்னாலேயே இன்னொன்று: ‘உன் நம்பர் சேந்திருக்குன்னு எனக்கு வந்த மாதிரி அவன் போனுக்கும் வந்திருக்கு. குளிக்கிறான். நான் அழிச்சிட்டேன். மறுபடி வரும். உன் நம்பரை எடு.’

‘யாரு?’ என்று தட்டினாள்.

‘நீ போன அன்னைக்குப் பின்கதவை யாரு தொறந்து வெச்சான்னு நெனச்ச?’

மாமியார். வீட்டில் அடி விழும்போதெல்லாம் அடுப்படியை விட்டு வெளியே வராதவர். கதவு திறந்திருந்தது தன் நல்ல காலம் என்றே அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

படத்தை அழித்தாள். எண்ணை எங்கே எடுப்பது என்றுதான் புரியவில்லை. இணைப்பிலேயே இருந்த அக்காவைக் கேட்டாள்.

“மேல மூணு கோடு இருக்கா? அதைத் தட்டு. அமைப்புகள். கீழ போ. இன்னும் கீழ.”

“வரலைக்கா, சுத்திக்கிட்டே இருக்கு.”

“பதறாதே. வரும்.”

வந்தது. எண்ணை நீக்கினாள், தொடர்புப் பட்டியலுக்குக் கொடுத்திருந்த அனுமதியையும் நிறுத்தினாள். ‘எடுத்துட்டேன் அத்தை. உங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?’ என்று அனுப்பினாள். பதில் வரவில்லை. சாயங்காலம் அக்கா வந்து அழைத்துப் போகும்வரை அவள் வாசல் பக்கம் போகவே இல்லை.

அவன் வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை, அடுத்த மாதமும் வரவில்லை. அவள் கணக்கை மூடாமல், படம் எதுவும் போடாமல், தினமும் இரண்டு வரி எழுதுகிறாள். அந்த எண்கள் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. எழுதியதற்குக் கீழே ஒரு விருப்பக்குறி மட்டும் விழும். என்றைக்காவது அது விழாவிட்டால், மறுநாள் விழும்வரை அவள் கைபேசியைக் கீழே வைக்கமாட்டாள்.