எல்லாருக்கும் ஒரே டப்பா

"மாமா, துடைக்கவா வேணாமா? வாயைத் தொறந்து சொல்லுங்க."

கொழுந்தியாள் ஈரத் துணியைப் பிழிந்து கையில் வைத்திருந்தாள். ஒரு சொட்டு சவப்பெட்டியின் விளிம்பில் விழுந்தது. அவன் உள்ளே பார்த்தான். வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் நீலச் சட்டை அவன் மனைவியுடையது. மார்பின் மேல் கோத்து வைத்திருந்த கைகளும் அவளுடையவை. முகம்தான் வேறு யாருடையதோ. தாடைக்குக் கீழே ஒரு கோடு ஓடியது. கோட்டுக்கு மேலே மாவு நிறம். கீழே, கழுத்தில், அவள்.

"ஒண்ணும் தொட வேணாம்," என்றாள் அவன் அம்மா. நாற்காலியை விட்டு எழவில்லை. "நல்லாத்தான் பண்ணியிருக்காங்க. கல்யாணத்தன்னைக்குக்கூட இவ்வளவு களையா இல்ல."

"எங்கக்கா எப்பவும் களையாத்தான் இருந்தா, அத்தை."

"நான் இல்லைன்னா சொன்னேன்? எதைச் சொன்னாலும் சண்டைக்கு வர்றே."

"சுவத்துக்கு வெள்ளையடிச்ச மாதிரி அடிச்சு வெச்சிருக்காங்க. ரெண்டாவது பூச்சு ஒண்ணுதான் பாக்கி. அதைப் போய் களைங்கறீங்க."

"சாவு வீட்டுல பேசற பேச்சா இது?"

இருவரும் அவனைப் பார்த்தார்கள். வெளியே நடைவழியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

"நான் கேட்டுட்டு வர்றேன்," என்றான் அவன்.

இறுதி மரியாதைக் கூடத்தை நடத்துபவர் பக்கத்து அறையில் பூ வளையங்களுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கோட்டு, மெதுவான குரல். அவனைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"சொல்லுங்க சார். ஏதாவது குறையா?"

"குறைன்னு இல்ல. முகம்..."

"ரொம்ப அமைதியா இருக்காங்க இல்ல? ஒப்பனை பண்ற எங்க பொண்ணு கைராசி அது."

"ஆமா. நிறம் மட்டும் கொஞ்சம்." அவன் குரலைத் தாழ்த்தினான். "அவ இன்னும் கறுப்பு."

மனைவியின் குற்றம் ஒன்றை வெளியாளிடம் சொல்வதுபோல அது ஒலித்தது. அவர் பதறிப்போனார்.

"ஐயோ, அதையெல்லாம் நாங்க பாக்கறதே இல்ல சார். எங்களுக்கு எல்லாரும் ஒண்ணுதான். இதோ பாருங்க." இழுப்பறையைத் திறந்து ஒரு வட்ட டப்பாவை எடுத்துக் காட்டினார். மூடியில் கீறல்கள். உள்ளே வெளிர் நிறக் குழைவு, நடுவில் விரல் பட்டுப் பட்டுக் குழி விழுந்திருந்தது. "பெரிய ஆளு, சின்ன ஆளு, உங்க ஆளுங்க, எங்க ஆளுங்க, எல்லாருக்கும் ஒரே டப்பாதான். எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். ஒருத்தர்கூட வித்தியாசமா நினைச்சதில்ல."

அவர் பொய் சொல்லவில்லை. முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. தன்னை யாரோ தவறாக எண்ணிவிட்டார்கள் என்ற வருத்தம்.

"நானும் அப்படி நினைக்கல சார். ரொம்ப நன்றி," என்றான் அவன்.

திரும்பி நடக்கும்போதுதான் நன்றி சொன்னது உறைத்தது.

மனைவி அவனுக்கு வைத்த பெயர் வக்கீல். எதிர்க்கட்சி வக்கீல். அவளுக்கு வேலை மூக்குக் கண்ணாடிக் கடையில். வாடிக்கையாளருக்குக் கண்ணாடியை மாட்டி, காதுக்குப் பின்னால் விரலை விட்டு, கம்பி அழுத்துகிறதா என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். சிலர் அவள் கை கிட்டே வந்ததும் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். "குடும்மா, நானே பாத்துக்கறேன்." அதே ஆள் அடுத்த மேசைக்காரியிடம் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்து சொல்வாள்.

"அவருக்குக் கூச்சமா இருந்திருக்கும்," என்பான் அவன்.

"என்கிட்ட மட்டும் வர்ற கூச்சமா?"

"உன் கை ஜில்லுனு இருக்கும்."

"அடடா. வக்கீல் சார் புதுசா ஒரு சாட்சி கொண்டாந்திருக்காரு." சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போவாள். முதலில் நிறையச் சொன்னாள். பிறகு வேடிக்கையானதை மட்டும் சொன்னாள். பிறகு கடையைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டான்.

போன வாரம் மூச்சு முட்டுகிறது என்றாள். மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். செவிலி அவள் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கருவியை மாட்டினாள். எண் நன்றாகத்தான் இருந்தது. உதட்டைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள். "நீலம் பாயல. மூச்சு நல்லாவே போகுது. பயந்துட்டாங்க, அவ்வளவுதான்." பிறகு அவனிடம் திரும்பி, "உங்க ஆளுங்க கொஞ்சம் கூடுதலா சத்தம் போடுவாங்க. எங்களுக்குப் பழகிடுச்சு," என்று சிரித்தாள்.

அவனும் சிரித்தான்.

மனைவி அதைப் பார்த்தாள். வண்டியில் உட்கார்ந்ததும், "நான் சொன்னதை அங்க யாருமே கேக்கல," என்றாள். ஒவ்வொரு சொல்லாக.

"எல்லாத்துலயும் நிறத்தை இழுக்காதே. அவங்க வேலையை அவங்க செய்றாங்க."

"நான் நிறம்னே சொல்லலையே."

அதற்குப் பிறகு வீடு வரும்வரை அவள் வாய் திறக்கவில்லை. கோபம் என்று நினைத்தான். மறுநாள், அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகு, எல்லாம் முடிந்த பிறகு, பெரிய மருத்துவர் அவனை உட்காரவைத்துப் பேசினார். நுரையீரலில் ரத்தக்கட்டு. கறுத்த தோலில் அந்தக் கருவி சில நேரம் கூட்டிக் காட்டிவிடும், நீலமும் சட்டென்று கண்ணுக்குப் படாது என்றார். "ஆனா ஒண்ணு, இங்க எல்லாருக்கும் ஒரே முறைதான். யாரும் வேணும்னு பண்ணல."

"தெரியும் டாக்டர்," என்றான். வண்டியில் அவள் வாய் திறக்காமல் மூச்சை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் அப்போதுதான் தெரிந்தது.

கூடத்தில் கொழுந்தியாள் துணியை இன்னும் கையிலேயே வைத்திருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"எல்லாருக்கும் அதேதான் போடுவாங்களாம். வேணும்னு பண்ணலையாம்." அவன் நாற்காலியை ஒழுங்காக இழுத்துப் போட்டான். "விடு. ஆளுங்க வந்துட்டாங்க. இப்போ போய் எதுக்கு..."

அவள் அவனையே பார்த்தாள். துணியை மடித்தாள்.

"சரிங்க, வக்கீல் சார்."

அந்தப் பெயர் வீட்டுக்குள் மட்டும் புழங்குவது என்றே அவன் நினைத்திருந்தான். அக்கா தங்கையிடம் எவ்வளவு சொல்லியிருப்பாள்? அவன் கேட்கவில்லை. கொழுந்தியாள் சுவரோரம் போய் நின்றுகொண்டாள். அம்மா கதவைத் திறந்துவிட்டாள்.

முதலில் வந்தவள் கண்ணாடிக் கடையில் பக்கத்து மேசைக்காரி. பல வருடங்களாக இருவரும் மதியம் ஒன்றாகத்தான் சாப்பிட்டார்கள். கையில் பூங்கொத்து. கண்கள் வீங்கியிருந்தன. பெட்டியருகே வந்து குனிந்தாள். உடனே நிமிர்ந்து ஓரடி பின்வாங்கினாள்.

"மன்னிச்சுக்கங்க," என்றாள், யாரையும் பார்க்காமல். "கூடம் மாறி வந்துட்டேன்."

பூங்கொத்தோடு வெளியே போனாள். கதவுக் கண்ணாடி வழியே தெரிந்தது: நடைவழியில் நின்று, கதவருகே மாட்டியிருந்த பெயர்ப் பலகையைப் படித்தாள். மறுபடி படித்தாள். அடுத்த கூடத்துப் பலகையையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

அம்மா முந்தானையை இழுத்து விரலில் சுற்றிக்கொண்டாள்.

பக்கத்து மேசைக்காரி திரும்பி வந்தாள். இந்த முறை அவனைப் பார்த்துவிட்டாள். முகம் சிவந்துவிட்டது.

"வெயில்லேர்ந்து வந்தேனா, சட்டுனு கண்ணு தெரியல. அதான்..."

"பரவால்லங்க, யாருக்கும் அப்படித்தான்..."

பாதியில் நின்றான். சொல் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது, குழாயைத் திறந்ததுபோல. அவள் தன் பூங்கொத்தைப் பார்த்தாள். எங்கே வைப்பது என்று தெரியாதவளாய் அதைப் பெட்டியின் கால்மாட்டில் வைத்தாள். கையைத் தொட்டாள். மனைவியின் கை. முகத்துப் பக்கம் அவள் மறுபடி திரும்பவே இல்லை.

"கொஞ்ச நேரம் வெளியில இருக்கீங்களா?" என்றான் அவன்.

அவள் போனதும் கதவைச் சாத்தி, உள்தாழ்ப்பாளைப் போட்டான். கொழுந்தியாளிடம் கையை நீட்டினான். அவள் துணியைக் கொடுத்தாள்.

தண்ணீருக்குப் பூச்சு அசையவில்லை. துளிகள் மேலேயே உருண்டு காதுப்பக்கம் ஓடின.

"அழுத்தாதீங்க மாமா. இருங்க." கொழுந்தியாள் கைப்பையைக் கொட்டினாள். சாவி, சீப்பு, மாத்திரை அட்டை. கடைசியில் ஒரு முகக் களிம்பு. "இதைத் தடவி, ஊறவிட்டு எடுங்க. பொம்பளைங்க வேலைன்னு ஒதுக்காம ஒருநாளாவது பாத்திருந்தாத்தானே தெரியும்."

அவன் கன்னத்தில் தடவினான். குளிர்ந்திருந்தது. ஒற்றி எடுத்தபோது துணியில் வெளிர் நிறம் வந்தது. துணியை மடித்து மறுபடி ஒற்றினான். மூன்றாம் மடிப்பில் கன்னத்து மச்சம் வெளிவந்தது. கொழுந்தியாள் அங்கேயே, தரையில், சாவியும் சீப்பும் சிதறிக் கிடந்த இடத்தில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். சத்தமாகவே அழுதாள்.

"டேய், ஆளுங்க நிக்கறாங்கடா," என்றாள் அம்மா. குரலில் பழைய அழுத்தம் இல்லை. "அவ கடை முதலாளிகூட வந்துட்டாரு போல. கோட்டு தெரியுது."

"நிக்கட்டும்மா."

அம்மா கொஞ்ச நேரம் கதவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, கோத்திருந்த கைகளின் மேல் சிந்தியிருந்த தண்ணீரை முந்தானையால் துடைத்தாள்.

நெற்றி. இமை. இமைமுடியில் ஒட்டியிருந்ததை நகத்தால் எடுத்தான். ஏழு வருடம் கூட வாழ்ந்தவளின் இமையை இவ்வளவு கிட்டத்தில் அவன் பார்த்ததில்லை.

வெளியிலிருந்து மெதுவாகத் தட்டினார்கள். கூடத்துக்காரரின் குரல்.

"சார், திறக்கலாமா? எல்லாரும் காத்துட்டிருக்காங்க."

"இல்ல. முகத்தைத் தப்பாப் பண்ணிட்டீங்க. சரி பண்ணிட்டிருக்கேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. "நாங்க யாருக்கும் வித்தியாசம்..." என்று அவர் ஆரம்பித்தார். யாரோ ஏதோ கேட்டார்கள். அவர் அவர்களிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவன் துணியின் சுத்தமான மூலையைத் தேடினான். கிடைக்கவில்லை. சட்டைக் கையை விரலில் சுற்றிக்கொண்டு குனிந்தான். மூக்கோரத்து மடிப்பில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.