பின்னிருக்கையில் குழந்தை தூங்குகிறது

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடை கரடுமுரடாக இருக்கிறது என்று யாரும் புகார் சொல்லக்கூடாது.

போன சனிக்கிழமை டூரின் நகரத்து 'பலூன்' பழம்பொருள் சந்தையில், வாணலிக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வார இதழைப் புரட்டினேன். முழுப் பக்கத்துக்கு ஒரு குட்டிக் கார் விளம்பரம், எழுபதுகளில் வந்தது. கீழே ஒரே வரி: "பின்னிருக்கையில் குழந்தைகள் நிம்மதியாகத் தூங்குவார்கள்."

தூங்குவார்களாம். டூரினில் பிள்ளைகளைப் பின்னால் போட்டுக்கொண்டு மலையேறிய யாரையாவது கேளுங்கள். அடித்துக்கொள்வார்கள், அழுவார்கள், வாந்தி எடுப்பார்கள், எப்போது வரும் என்று உயிரை வாங்குவார்கள். அப்படியானால் எந்தப் பிள்ளையைப் பார்த்து இந்த வரியை எழுதினான்? அந்தப் பிள்ளையை நானே உண்டாக்க வேண்டியதாயிற்று. இனி வருவதெல்லாம் கற்பனை, கோபத்தைத் தவிர.

2

"இஞ்சினியர் குவாஸ்கோ பென்சிலை எடுத்து, ஒரே கோட்டில் காரின் முதுகை—"

(அடித்துவிட்டேன். கார் கதை என்றால் ஒரு ஆண் பென்சிலை எடுத்தாக வேண்டுமா? எந்தக் காரும் ஒரே கோட்டில் பிறந்ததில்லை.)

"டூரினில் ஓடும் 'போ' என்னும் ஆற்றின் மேல் பனி மெல்ல—"

(இதுவும் வேண்டாம். ஆற்றுக்கு இங்கே வேலையே இல்லை.)

ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குகிறேன். சந்தைக்கு வராத புதுக் காரை மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பத்திரிகைக்காரன் கண்ணிலும் படக்கூடாது. ஒரு ஆள் தனியாக ஓட்டினால் சந்தேகம் வரும். மனைவி, பிள்ளை, சாப்பாட்டுக் கூடை இருந்தால் எவன் திரும்பிப் பார்ப்பான்? அதனால் டெஸ்ட் டிரைவர்கள் குடும்பத்தோடு போகவேண்டும் என்பது கம்பெனி வழக்கம். குடும்பத்துக்குச் சம்பளம் கிடையாது.

எவாசியோ ஓட்டினான். பக்கத்தில் மனைவி நிவெஸ். பின்னால் மகள் லிதியா, ஆறு வயது, வாய் மூடாதவள். சூசா என்ற ஊரைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் எவாசியோ சிகரெட்டைப் பற்றவைத்து, தன் பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினான். சிறிது நேரத்தில் பின்னால் பேச்சு நின்றது.

"பாரேன், உன் மக தூங்கிட்டா!" என்றான் எவாசியோ.

"இவளா? கார்லயா?"

மேலே போய் எழுப்பினால் எழவில்லை. உலுக்கியதும் எழுந்து வாந்தி எடுத்தாள், தலை வலிக்கிறது என்று அழுதாள். "வளைவு ஜாஸ்தி," என்றான் எவாசியோ. வீட்டில் தலைக்குக் குளிப்பாட்டும்போது பிள்ளையின் முடியில் வண்டிப் பட்டறைப் புகை வாசம் அடித்ததை நிவெஸ் மட்டும் கவனித்தாள்.

திங்கட்கிழமை அலுவலகத்தில், காரை வடிவமைத்த இஞ்சினியர் குவாஸ்கோ கேட்டார். "பின் சீட் எப்படிப்பா?"

"பொண்ணு தூங்கிட்டா சார்."

"மலையில தூங்கிட்டாளா! இத விட என்னய்யா வேணும்?" குவாஸ்கோ மேசையைத் தட்டினார். விளம்பர ஆள் அங்கேதான் நின்றிருந்தான்.

3

குவாஸ்கோவை முதலில் முறுக்கு மீசை வைத்த அயோக்கியனாக எழுதினேன். அது எனக்கு வசதி. ஆனால் அவர் அதைவிட மோசம்: நல்லவர். லிதியாவுக்குச் சாக்லேட் கொடுத்தனுப்புவார். தொழிலாளி குடும்பம் ஒன்று, தொட்டில், தள்ளுவண்டி, தக்காளிக் கூடை எல்லாவற்றையும் ஒரே காரில் ஏற்ற வேண்டும் என்பது அவருடைய உண்மையான ஆசை. அதற்காகத்தான் மேலே தூக்கித் திறக்கும் அந்தப் பின்கதவை வடிவமைத்தார். அதன் விளிம்புக்கு நேர் கீழே சைலன்சர் குழாய் முடிந்தது.

அடுத்த ஞாயிறு நிவெஸ் மகளோடு பின்னால் ஏறிக்கொண்டாள். ஏற்றத்தில் அவளுக்கே தலை கனத்தது, கண் செருகியது. கணவன் முதுகில் ஓங்கிக் குத்தினாள். "நிறுத்துடா வண்டிய!"

ஓரத்தில், புல்லில் மூன்று பேரும். லிதியா வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ முன்னாடி ஜன்னலத் தெறக்குற. சைலன்சர் புகை பின்னாடி உள்ள வருது. உனக்குத் தெரியும், இல்ல?"

எவாசியோ தரையைப் பார்த்தான். "பின்கதவு ரப்பர் பீடிங் சரியா உக்காரல. முன்னாடி தெறந்தா பின்னாடி இழுக்கும். சரி பண்ணணும்னா கதவு அடிக்கிற அச்சையே மாத்தணும். கார் கண்காட்சி வருது நிவெஸ். நான் சொன்னா நாளைக்கு வேற ஒருத்தன் ஓட்டுவான்."

"ஓட்டட்டும். அவனுக்கும் ஒரு பொண்டாட்டி இருப்பா, அவளும் குத்துவா."

(எவாசியோவைக் கோழை என்று எழுதி அடித்தேன், மறுபடி எழுதினேன். இன்னும் முடிவு செய்யவில்லை.)

4

நிவெஸ் நேராகக் கம்பெனி முற்றத்துக்கே போனாள்.

"அம்மா, பெண்களுக்குத் தலைவலி சகஜம்," என்றார் குவாஸ்கோ, அன்பாகவே. "பின் சீட்ல முழு எடை வெச்சு எத்தனையோ தடவை ஓட்டிட்டோம். ஒரு குறையும் இல்ல."*

"யார வெச்சு ஓட்டுனீங்க?"

"மணல் மூட்டை."

"மூட்டை மூச்சு விடாது சார்! நீங்க வந்து உக்காருங்க பின்னாடி."

அவர் சிரித்துவிட்டார். "என் முட்டி அங்க நுழையாதும்மா."

"அப்ப உங்க பிள்ளையக் கூட்டிட்டு வாங்க. என் பிள்ளை உக்காந்த எடந்தானே?"

* உண்மைதான். மூட்டைகள் ஒன்றும் குறை சொல்லவில்லை.

5

முடிவு ஒன்று: குவாஸ்கோவின் மகள் மயங்குகிறாள், அவர் பதறிப்போய், சைலன்சரை மாற்றச் சொல்லி, கண்ணீரோடு—

(கண்ணீரோடாம்! எழுதிய கையில் போட வேண்டும்.)

முடிவு இரண்டு: யாரும் கேட்கவில்லை. கார் விற்கிறது. பனிக்காலத்தில் ஒரு குடும்பம்—

(மாட்டேன். ஒரு கதையை நிரூபிக்க எனக்கு ஒரு பிள்ளை சாக வேண்டும் என்றால், எனக்கும் அந்தக் கம்பெனிக்கும் என்ன வித்தியாசம்?)

6

அதற்கடுத்த ஞாயிறு காலை குவாஸ்கோ வந்தார். மணல் மூட்டையோடு வருவார் என்றுதான் நினைத்தேன். மகளோடு வந்தார். அவர் தன் காரை மனதார நம்பினார். அதை நான் எதிர்பார்க்கவில்லை, நிவெஸும் எதிர்பார்க்கவில்லை. லிதியா வயசுதான் இருக்கும். கம்பளிக் கோட்டு, வெள்ளைக் காலுறை.

"மேல போனா பனி இருக்குமா அத்தை?" என்று நிவெஸைக் கேட்டாள்.

குவாஸ்கோ முன்னால் உட்காரக் கதவருகே நின்று சிகரெட்டை எடுத்தார். எவாசியோ என்ஜினைப் போட்டான். பிள்ளை பின்னால் ஏற வழிவிட்டு, முன் இருக்கையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் நிவெஸ். கேட்டது கிடைத்துவிட்டது. இந்தப் பிள்ளை ஏறித் தூங்கினால் கார் சந்தைக்குப் போகாமல் நிற்கும், ஊரில் உள்ள பிள்ளைகள் பிழைக்கும். ஏறாதே என்று கையைப் பிடித்தால், "பார்த்தீங்களா, பொம்பளை கட்டின கதை" என்று சொல்லிவிட்டுக் காரைச் சந்தைக்கு அனுப்புவார்கள்.

விளம்பரத்தை மறுபடி பார்த்தேன். கம்பெனி குழாயை மாற்றியதா, மாற்றியிருந்தால் அந்த வரி அதற்கு முன்னால் எழுதியதா, பின்னால் எழுதியதா என்று அதில் இல்லை.

பிள்ளை ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள். எனக்குக் கை ஓடவில்லை. என்னால் அவளை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. இதுவரை சும்மா உட்கார்ந்து படித்தீர்கள் அல்லவா? வாருங்கள், அந்த இருக்கையைப் பிடியுங்கள். சொல்லுங்கள், ஏறட்டுமா?