சாமிமாடத்துக்குப் பின்னால்

என்னை அமர்த்தியவர்கள் ஓட்டல் கட்டுகிறவர்கள். அவர்கள் மண்ணில் தூண்களை அடித்து இறக்கிய அதிர்வில் தன் வீட்டுச் சுவர்கள் விரிசல் விட்டுவிட்டதாகப் பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி லே கிம் வழக்குப் போட்டிருந்தார். விரிசல் பழசு என்று தீர்ப்பானால் செப்பனிடுவது அவர் பொறுப்பு. அதற்கு அவரிடம் வழியில்லை. வீட்டை ஓட்டல்காரருக்கே விற்றுவிட்டு ஜார்ஜ் டவுனை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

பழசா, புதுசா என்று சொல்வது கட்டடக்கலைஞரான என் வேலை. யார் அமர்த்தினாலும் என் பதில் நீதிபதிக்கு. இது பல வக்கீல்களுக்குப் புரிவதே இல்லை.

முன்சுவர் விரிசலைக் கீறிப் பார்த்தேன். உள்ளேயும் பழைய நீலச் சுண்ணாம்பு ஏறியிருந்தது. சந்தேகமே இல்லை, பழசு. எங்கள் வக்கீல் தியோவுக்கு வாயெல்லாம் பல்.

ஆனால் கூடத்துத் தரையில் ஓடுகள் புதிதாக விலகியிருந்தன. அந்த இடைவெளி, பக்கச் சுவரை மறைத்து நின்ற, முன்னோரை வைத்துக் கும்பிடும் மர மாடத்துக்கு அடியில் போய் மறைந்தது.

"சும்மா கெடந்த சங்க ஏன் மேடம் ஊதிக் கெடுக்குறீங்க? முன்சுவர் போதும்லா" என்றார் தியோ.

"மாடத்துக்குப் பின்னால பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஆண்ட்டியோ மாடத்துக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "ஓட்டல்காரன் ஆளு நீ. தொட்டுப் பாரு, கைய ஒடிக்கிறேன்."

"அப்ப அவங்களையே கேளுங்க, ஆண்ட்டி."

முன்னோரைக் கேட்காமல் மாடத்தை நகர்த்தவும் முடியாது. கேள் என்றால் மறுக்கவும் முடியாது. முன்னோரிடம் குறி கேட்கும் பிறை வடிவக் கட்டைகள் இரண்டையும் ஆண்ட்டி எடுத்து, முணுமுணுத்துப் போட்டார். இரண்டும் மல்லாந்து விழுந்தன.

"சிரிக்கிறாங்க. ஒன்னப் பாத்துத்தான்."

மறுபடி போட்டார். இரண்டும் குப்புற. கூடாது என்று அர்த்தம்.

"கேட்டுக்கிட்டியா? கெளம்பு."

எனக்குக் கோபம் வந்தது. கேள்வி கோணலாக இருந்தால் பதிலும் கோணல்தான். எத்தனை சாட்சிக் கூண்டில் ஏறியிருக்கிறேன்! "என்னன்னு கேட்டீங்க?"

"ஓட்டல்காரன் ஆளு ஒங்க மேல கை வைக்கலாமான்னு."

"நல்லா கேட்டீங்க! நம்ம சுவத்துக்கு என்ன ஆச்சுன்னு பாக்கலாமான்னு கேளுங்க."

என்னை முறைத்துக்கொண்டே போட்டார். ஒன்று மல்லாந்தது, ஒன்று குப்புற. சம்மதம்.

மாடத்தை நகர்த்தினோம். பல வருஷ ஊதுபத்திப் புகையில் சுவர் அடுப்பங்கரை போலக் கறுத்திருந்தது. நடுவே விரல் நுழைகிற விரிசல். அதன் உள்ளே துளிப் புகை ஏறவில்லை. செங்கல் பச்சை ரத்தமாய்ச் சிவந்திருந்தது. ஆண்ட்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நீதிமன்றத்தில் இரண்டையும் சொன்னேன். முன்சுவர் பழசு. பக்கச் சுவர் புதுசு, தூண் அடித்ததால் வந்தது.

"நீங்க யாரு பக்கம் மேடம்?" என்று இடைவேளையில் பல்லைக் கடித்தார் தியோ. இனி அவர் என்னைக் கூப்பிடப்போவதில்லை, போகட்டும்.

பக்கச் சுவரை ஓட்டல்காரரே எடுத்துக் கட்டித் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. முன்சுவர் விரிசலை ஆண்ட்டியே பூசிக்கொள்ள வேண்டும், அது சின்னச் செலவு. வீடு தப்பித்தது. நன்றி சொல்லத்தான் ஆண்ட்டி வருகிறார் என்று நினைத்தேன். வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டார்.

"முன்சுவரும் புதுசுன்னு சொல்லியிருந்தா ஒன் வாய் தேஞ்சா போயிருக்கும்?"

"அது பழசு, ஆண்ட்டி."

"எனக்குத் தெரியாதா? நான் கல்யாணமாகி வந்தப்பவே இருந்துச்சு" என்றார்.